அச்சும் மசகும்

மாட்டு வண்டிகள் நம் நெடுஞ்சாலைகளில் நிரை நிரையாகச் சென்ற காலத்தில், வண்டியின் அடியில் சிறு மூங்கிற் குழாய் ஒன்று கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்த மசகு அதனுள் இருக்கும். நெடுந்தொலைவு செல்லப் புகும் வண்டிக்காரர், புறப்படுமுன் கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து, இரும்பு அச்சில் அம்மசகைத் தடவி மீண்டும் பூட்டுவார். மறந்து புறப்பட்டாராயின், காதவழி செல்லுமுன்னரே சக்கரம் கிறீச்சென்று ஓலமிடும். மாடுகள் நுரை தள்ளும். அச்சும் குடத்தினுள் பதித்த இரும்பும் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். ஏட்டுக் கல்வி பெறாதவராயினும், பொறித்தொழிலின் தலையாய உண்மைகளுள் ஒன்றை அவ்வண்டிக்காரர் தம் கையால் அறிந்திருந்தார்.

இவ்வறிவு மிகப் பழைமையானது. எகிப்து நாட்டில் ஜெஹுதிஹோதெப் என்னும் ஆளுநன் ஒருவனுடைய கல்லறைச் சுவரில், ஏறத்தாழ 3,900 ஆண்டுகட்கு முன்னர்த் தீட்டப்பெற்ற ஓவியம் ஒன்று உளது. மாபெருஞ் சிலையொன்றைச் சறுக்குப் பலகையின்மீது ஏற்றி, 172 ஆடவர் வடம் பிடித்து இழுக்கின்றனர். பலகையின் முன்முனையில் நிற்கும் ஒருவன் குடத்திலிருந்து நீரைத் தரையில் ஊற்றுகின்றான். அஃது ஏதோ ஒரு சடங்கு என்று நெடுங்காலம் கருதினோர் பலர். 2014-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து இயற்பியலார் மணலை நனைத்தும் நனையாதும் சோதித்தபோது, அளவாக நனைந்த மணலில் இழுப்பதற்கு வேண்டும் விசை, உலர்ந்த மணலில் வேண்டுவதில் ஏறத்தாழப் பாதியே எனக் கண்டனர். நீர் அளவிறந்தால் இழுத்தல் மீண்டும் கடினமாயிற்று. ஆகவே, நீர் ஊற்றிய அப்பழங்காலத்தான் எதனை ஊற்றுவது என்பதை மட்டுமன்றி, எவ்வளவு ஊற்றுவது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். மசகிடும் கலை முழுவதும் இவ்விரு வினாக்களுக்குள் அடங்கும் எனலாம்.

இரும்பை எத்துணை நன்கு இழைத்து மெருகிட்டாலும், அதன் மேற்பரப்பு உண்மையில் சமமாவதில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் நோக்கின், அது மேடும் பள்ளமுமாகக் குன்றுகள் செறிந்த நிலம் போலக் காட்சியளிக்கும். இத்தகைய இரண்டு பரப்புகள் ஒன்றன்மீது ஒன்று அழுந்தி நகரும்போது, குன்றின் முடிகள் ஒன்றோடொன்று மோதும். மோதுமிடம் நொடிப்பொழுதில் கடுஞ்சூடேறிப் பற்றிக்கொள்ளும். பின் பிய்ந்து போகும். இதுவே உராய்வு, இதன் பயனே தேய்மானம். இரு பரப்புகளுக்கும் இடையே ஓர் அன்னியப் பொருளைப் புகுத்தி, அவை தம்முள் தொடாதவாறு காப்பதே மசகின் வேலை. அதனோடு அது சூட்டைச் சுமந்து வெளியே கொண்டு செல்லும், துருவைத் தடுக்கும், தேய்ந்த துகள்களை அரித்துக்கொண்டு போகும்.

ஆயினும், பல்லாயிரம் இராத்தல் எடையுள்ள அச்சை மெல்லியதோர் எண்ணெய்ப் படலம் எவ்வாறு தாங்கும் என்பது நெடுநாள் புலப்படாதிருந்தது. இதற்கு விடை கிடைத்த வரலாறு சுவையானது. 1883-ஆம் ஆண்டளவில் பொஷாம் டவர் என்னும் ஆங்கிலப் பொறியாளர், இருப்புப்பாதை வண்டிகளில் உள்ளது போன்ற தாங்கி ஒன்றைச் செய்து சோதித்தார். நான்கு அங்குலக் குறுக்களவுள்ள தண்டின் அடிப்பாகம் எண்ணெயில் தோய்ந்து சுழலும். மேற்பாகத்தின்மீது பித்தளைத் தாங்கி சுமையோடு அமர்ந்திருக்கும். எண்ணெய் விடுவதற்காக அத்தாங்கியின் உச்சியில் அவர் ஒரு துளையிட்டார். தண்டு சுழலத் தொடங்கியதும், துளையின் வழியே எண்ணெய் உள்ளே இறங்குவதற்கு மாறாக, உள்ளிருந்து பொங்கி வெளியே வழிந்தது! அதனை அடைக்கத் தக்கையைச் செருகினார். தக்கை தெறித்துப் போயிற்று. மரமுளையை அடித்துச் செருகினார். அதுவும் மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டது. பிறகு அத்துளையில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தினார். சதுர அங்குலத்திற்கு 200 இராத்தல் வரை காட்டவல்ல அக்கருவியின் முள் தன் எல்லையைக் கடந்து சென்றது. தாங்கியின்மீது வைத்த சுமையோ, சராசரியாகச் சதுர அங்குலத்திற்கு 100 இராத்தலே.

டவர் தேடியது ஒன்று, கண்டது பிறிதொன்று. அதனைத் தடை என்று ஒதுக்காமல் அளந்து பார்த்தமையே அவர் பெருமை. அக்காட்சிக்குக் கணக்கியல் விளக்கம் தந்தவர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்னும் பேராசிரியர்; ஆண்டு 1886. சுழலும் தண்டு தன்னைப் பற்றிய எண்ணெயை இழுத்துக்கொண்டு செல்கின்றது. தண்டுக்கும் தாங்கிக்கும் இடையேயுள்ள வெளி, செல்லச் செல்லக் குறுகி ஆப்பின் வடிவுடையதாகின்றது. அகன்ற வாயிற் புகுந்த எண்ணெய், குறுகிய வழியில் நெருக்குண்டு அழுத்தம் பெற்று, மேலுள்ள சுமையைத் தானே தூக்கி நிறுத்துகின்றது. மழைநீர் தேங்கிய சாலையில் விரைந்தோடும் மோட்டார் வண்டியின் சக்கரம் நீரின்மேல் ஏறி வழுக்குதல் இதே நிகழ்ச்சிதான். சாலையில் அது கேடு. தாங்கியில் அதுவே காப்பு. இவ்வாறு தாங்கி நிற்கும் எண்ணெய்ப் படலம் பெரும்பாலும் தலைமயிரினும் மெல்லியது.

இவ்வாப்பு உருவாவதற்கு மூன்று ஒத்துவர வேண்டும். தண்டு தக்க விரைவிற் சுழல வேண்டும். சுமை அளவிறவாது இருக்க வேண்டும். எண்ணெய், நெருக்கும்போது எளிதில் ஒழுகி விடாத தடிப்புடையதாக இருக்க வேண்டும். இத்தடிப்பைப் பாகுநிலை என்பர். தண்ணீர் எளிதில் ஓடும். தேன் தயங்கி ஓடும். கருப்பஞ்சாற்றுப் பாகு அதனினும் தயங்கும். பாகுநிலையே மசகெண்ணெயின் பண்புகளுள் தலையாயது. கண்ணாடியாற் செய்த நுண்குழாயின் வழியே குறித்த அளவு எண்ணெய் இறங்குவதற்கு ஆகும் காலத்தைக் கொண்டு இதனை அளப்பர். அவ்வளவைக்குச் சென்டிஸ்டோக்கு என்று பெயர். அறைவெப்பத்தில் தண்ணீரின் பாகுநிலை ஏறத்தாழ ஒரு சென்டிஸ்டோக்கு. எண்ணெய்த் தகரங்களின்மேல் 32, 68, 220, 460 என்றாற்போல அச்சிட்டிருக்கும் எண்கள், 40 பாகை செல்சியசு வெப்பத்தில் அவ்வெண்ணெய்க்கு உள்ள பாகுநிலையைச் சென்டிஸ்டோக்கில் குறிப்பன. பன்னாட்டுத் தர நிறுவனம் 1975-ஆம் ஆண்டில் வகுத்த முறை இது. ஒவ்வொரு படியும் தனக்கு முந்தியதனினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தடிப்பானது. இவ்வெண்ணைத் தரத்தின் உயர்வு தாழ்வு என்று கொள்வோர் உளர். அது பிழை. 460 என்பது 32-ஐ விட நல்லதும் அன்று, தீயதும் அன்று, தடிப்பானது, அவ்வளவே.

தடித்த எண்ணெயே நல்லெண்ணெய் என்னும் எண்ணம் பலர் உள்ளத்தில் வேரூன்றியுளது. அதன் குற்றத்தை அறிவதற்கு, தமிழ்நாட்டு ஆலைகளிலேயே உள்ள இரண்டு எந்திரங்களை ஒப்பிட்டுக் காணலாம். கோயம்புத்தூர் வட்டாரத்து நூற்பாலைகளில் நூலை முறுக்கிச் சுற்றும் கதிர்கள் நிமிடத்திற்கு 15,000 முறைக்கு மேலும் சுழல்வன. ஒவ்வொரு கதிரின்மீதும் உள்ள சுமை சிறிது. சர்க்கரை ஆலையில் கரும்பை நெரிக்கும் உருளைகளோ நிமிடத்திற்கு நான்கைந்து முறையே சுழலும். அவற்றின் கழுத்தை அழுத்தும் சுமையோ மலைபோன்றது. கதிருக்கு மிக மெல்லிய எண்ணெயே வேண்டும். 10 அல்லது 22 என்னும் எண்ணுடையது போதும். உருளைக்கோ ஆயிரம் சென்டிஸ்டோக்கு அளவிலான, பாகு போன்ற எண்ணெய் வேண்டும். உருளைக்கு உரியதைக் கதிருக்கு இட்டால், கதிர் எண்ணெயைக் கலக்கும் வேலையிலேயே தன் ஆற்றலை இழந்து சூடேறும். ஒரு கதிருக்கு ஒரு வாட்டு மின்னாற்றல் மிகையாகச் செலவாகிறது எனக் கொள்வோம். 25,000 கதிர்கள் உள்ள ஆலையில் அது 25 கிலோவாட்டு ஆகும். இராப்பகலாக ஓடின் நாளொன்றுக்கு 600 யூனிட்டு மின்சாரம் எண்ணெயைச் சுடவைப்பதற்கே செலவாகும். கதிருக்கு உரியதை உருளைக்கு இட்டாலோ, அது நெருக்குண்டு வழிந்தோட, இரும்பும் வெண்கலமும் நேரே உரசி, தாங்கி கடித்துப் பிடித்துக்கொள்ளும். அரைவைப் பருவத்தில் அந்த ஓர் உருளை நின்றால் ஆலை முழுவதும் நிற்கும். வெட்டிய கரும்பு வண்டியிற் கிடந்து இனிப்பை இழக்கும். இழப்பு உழவர் தலையிலும் விழும்.

இனி, பாகுநிலை என்பது நிலையான பண்பு அன்று. சூடேறினால் எண்ணெய் மெலியும், குளிர்ந்தால் தடிக்கும். 40 பாகையில் 220 சென்டிஸ்டோக்கு உள்ள எண்ணெய், 100 பாகையில் ஏறத்தாழ 19 ஆகிவிடும். ஆகவே ஓர் எந்திரத்திற்கு எண்ணெய் தேர்வோர், அது நிற்கும்போதுள்ள வெப்பத்தை நோக்காது, ஓடும்போதுள்ள வெப்பத்தை நோக்குதல் வேண்டும். வெப்பத்தால் மிக மாறும் எண்ணெயும் உண்டு. சிறிதே மாறும் எண்ணெயும் உண்டு. இவ்வேறுபாட்டை எண்ணாற் குறிக்கும் முறையை 1929-ஆம் ஆண்டில் டீன், டேவிஸ் என்னும் இருவர் அமெரிக்காவில் வகுத்தனர். சிறிதே மாறிய பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100 என்றும், மிக மாறிய மெக்சிகோ வளைகுடாக் கரை எண்ணெய்க்குச் சுழி என்றும் வைத்தனர். இன்று செயற்கை முறையில் ஆக்கப்பெறும் எண்ணெய்கள் நூற்றினையும் தாண்டி நிற்கின்றன. அதிகாலைக் குளிரில் புறப்பட்டு நண்பகல் வெயிலில் உழைக்கும் எந்திரங்களுக்கு இவ்வெண் மிக்கிருத்தல் நன்று.

குண்டுத் தாங்கி எனப்படும் பேரிங்குகளில் நிலைமை வேறு. ஆங்கே எஃகுக் குண்டு ஒன்று வளையத்தைத் தொடும் இடம் ஊசிமுனை போன்றது. அவ்விடத்து அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பதினாயிரம் மடங்கும் அதற்கு மேலும் ஆவதுண்டு. அந்நெருக்கடியில் அகப்பட்ட எண்ணெய் ஒரு கணம் கெட்டிப்பொருள் போலவே நின்று சுமை தாங்கி, மறுகணம் மீண்டும் எண்ணெயாகி ஒழுகிவிடும். அப்படலத்தின் தடிப்பு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. கண்ணுக்குப் புலனாகாத தூசு ஒன்று இதனினும் பன்மடங்கு பருமன் உடையது. எண்ணெய்த் தகரத்தை மூடாது வைப்பதும், அழுக்குத் துணியால் புனலைத் துடைப்பதும் ஏன் பெருந்தீங்கு என்பது இதனால் விளங்கும். விலையுயர்ந்த எண்ணெயை வாங்கி, அதனைப் புழுதி படிந்த குவளையில் மொண்டு ஊற்றும் ஆலைகள் இன்றும் உள.

எண்ணெய் நில்லாது ஒழுகிவிடும் இடங்களுக்கும், அடிக்கடி எட்டி எண்ணெயிட இயலாத இடங்களுக்கும் கிரீஸ் உரியது. கிரீஸ் தனிப்பொருள் அன்று. எண்ணெயைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கும் சவர்க்காரமே அது. பஞ்சு தண்ணீரை ஏந்தினாற்போலச் சவர்க்காரம் எண்ணெயை ஏந்தி நின்று, வேண்டும்போது சிறிது சிறிதாகக் கசிய விடும். வைக்கோற் கரி விளக்கெண்ணெயைப் பிடித்து வைத்ததும் இதே முறையில்தான். சுண்ணாம்புச் சவர்க்காரத்தாலான பழைய கிரீஸ் தண்ணீருக்கு அஞ்சாது. ஆனால் 100 பாகையை நெருங்கும்போதே உருகிக் குலையும். லித்தியச் சவர்க்காரத்தாலானது 180 பாகையளவும் உருகாது நிற்கும். இதனால் லித்தியக் கிரீஸே இன்று பெரிதும் வழங்குகின்றது. வேறுவேறு சவர்க்காரங்களாலான கிரீஸ்களை ஒன்றோடொன்று கலத்தல் ஆகாது; இரண்டும் நல்லனவாயினும், கலந்தபின் நீர்த்து ஒழுகிப்போதல் உண்டு. விரைந்து சுழலும் பேரிங்கின் கூட்டை நிறைய அடைப்பதும் தவறே. உள்ளிருக்கும் வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இட்டால் சாலும். முழுதும் அடைத்தால் கிரீஸ் பிசையப்பட்டுச் சூடேறும். எகிப்தியன் மணலில் நீர் ஊற்றிய அளவு ஈண்டும் நினைக்கத்தக்கது.

1859-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் டைட்டஸ்வில் என்னும் ஊரில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பெறும் வரையில், மசகு என்பது பெரும்பாலும் விதைநெய்யும் விலங்கின் கொழுப்புமே. நூற்பாலைக் கதிர்களுக்குத் திமிங்கில நெய் சிறந்ததெனப் போற்றப்பட்டது. அதன் பொருட்டு எண்ணிறந்த திமிங்கிலங்கள் கொன்று குவிக்கப்பட்டன. விதைநெய்களுக்கு ஓர் அரிய குணம் உண்டு: அவற்றின் நுண்துகள்கள் ஒரு முனையால் இரும்பைப் பற்றிக்கொண்டு, புல் முளைத்தாற்போல நெருங்கி நிற்கும். எந்திரம் புறப்படும்போதும் நிற்கும்போதும் எண்ணெய் ஆப்பு உருவாகாத அந்தச் சிறு பொழுதில், இப்புற்படுகையே காப்பாவது. முதல் உலகப் போரில் பறந்த விமானங்கள் பலவற்றின் சுழல் எந்திரங்களுக்கு நம் வண்டி மசகில் சேர்ந்த ஆமணக்கெண்ணெயையே ஊற்றினர். பெட்ரோல் ஆவி கலந்த காற்று அவ்வெந்திரங்களின் உள்ளறை வழியே சென்றது. மண்ணெடுத்த எண்ணெயைப் பெட்ரோல் கரைத்துவிடும். ஆமணக்கெண்ணெயை எளிதில் கரைக்காது. ஆயின் விதைநெய்கள் சூட்டில் காற்றோடு கலந்து விரைவில் பிசினாகிவிடுதலின், நாள்தோறும் இடையறாது ஓடும் ஆலை எந்திரங்களுக்கு அவை ஒவ்வா.

கனிம எண்ணெயும் நாளடைவில் கெடுவதே. காற்றிலுள்ள பிராணவாயு அதனோடு கலக்க, அது புளித்துக் கறுத்துத் தடிக்கும். வெப்பம் பத்துப் பாகை ஏறுந்தோறும் இக்கேடு ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியாளர் கைக்கணக்கு. இதனைத் தடுக்கவும், துருவை விலக்கவும், நுரையை அடக்கவும் சிற்சில மருந்துப் பொருள்களைச் சேர்ப்பர். சேர்க்கையால் நன்மையும் உண்டு. இடமறியாது வழங்கின் கேடும் உண்டு. கடுஞ்சுமை தாங்கும் எஃகுப் பற்சக்கரங்களுக்குக் கந்தகம் கலந்த எண்ணெய் மிக ஏற்றது. பல்லோடு பல் மோதிச் சூடேறும் இடத்தில் கந்தகம் இரும்போடு கூடி மெல்லிய காப்புத் தோலாகும். அதே எண்ணெயை வெண்கலச் சக்கரம் உள்ள பெட்டியில் ஊற்றினால், வீரியமிக்க கந்தகம் வெண்கலத்தை அரித்துக் கறுக்கச் செய்யும். நீராவிச் சுழலிக்கு, தன்னுள் புகும் நீரை விரைந்து பிரித்துவிடும் எண்ணெய் வேண்டும். குளிர்பதன எந்திரத்திற்கு, கடுங்குளிரிலும் உறையாதது வேண்டும். ரொட்டியும் பிஸ்கட்டும் செய்யும் எந்திரத்திற்கு, தவறி உணவில் ஒரு துளி விழுந்தாலும் தீங்கு செய்யாத வெள்ளெண்ணெய் வேண்டும். பிராணவாயுவை அழுத்தி அடைக்கும் எந்திரத்திலோ, கனிம எண்ணெயின் ஒரு துளியும் படலாகாது. பட்டால் தீப்பற்றி வெடிக்கும்.

நல்ல எண்ணெயைத் தேர்ந்தாலும், அஃது உரிய காலத்தில் உரிய இடத்தைச் சென்று சேர வேண்டும் அன்றோ? நீராவி எந்திரங்களின் தொடக்க காலத்தில், எண்ணெயிடுவதற்காகவே அவற்றை அடிக்கடி நிறுத்தவேண்டியிருந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநில இருப்புப்பாதையில் எண்ணெயிடும் பணி செய்த எலைஜா மெக்காய் என்பவர், எந்திரம் ஓடும்போதே அளவாக எண்ணெய் சொட்டும் கருவியொன்றைச் செய்து 1872-ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். அவர் அடிமைத்தளையினின்று தப்பி ஓடிய பெற்றோர்க்குப் பிறந்தவர். ஸ்காட்லாந்து சென்று பொறியியல் பயின்றவர். தோலின் நிறம் காரணமாகப் பொறியாளர் வேலை மறுக்கப்பெற்றுக் கரி அள்ளவும் எண்ணெயிடவும் அமர்த்தப்பட்டார். அவ்வேலையிலிருந்தே அக்கருவி பிறந்தது.

எண்ணெயிடுதல் கடைநிலை ஊழியர் வேலை என்று ஆலைத் தலைவர்கள் கருதி வந்த காலம் நெடிது. 1966-ஆம் ஆண்டில் பீட்டர் ஜோஸ்ட் என்பாரின் தலைமையில் பிரிட்டனில் அமைந்த குழு ஒன்று, உராய்வையும் தேய்மானத்தையும் மசகையும் செவ்வனே பேணின் அந்நாட்டுத் தொழில்கள் ஆண்டுதோறும் 51 கோடியே 50 இலட்சம் பவுன் மிச்சம் பிடிக்கலாம் எனக் கணக்கிட்டது. அதன் பின்னரே உராய்வியல் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தனித்துறையாகக் கால்கொண்டது.

இன்று தேர்ந்த எண்ணெயாளர், எந்திரத்தின் எண்ணெயை மாதந்தோறும் சிறு குப்பியில் எடுத்துப் பார்க்கின்றார். பால் போல் வெளுத்திருப்பின் நீர் புகுந்தது என்றும், கறுத்துப் புளித்த மணம் வீசின் சூட்டால் கெட்டது என்றும், ஒளியில் பொன்துகள் போல் மின்னின் எங்கோ வெண்கலம் தேய்கின்றது என்றும் அறிவார். மருத்துவர் குருதியைச் சோதித்து உடலின் நோயை அறிவது போன்றது இது. ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினால், எவ்வெவ் உலோகம் எவ்வளவு கலந்துளது என்பதும் எண்ணிக்கையாகவே வந்துவிடும். கழிந்த எண்ணெயை அவர் கால்வாயிற் கொட்ட விடுவதில்லை. மண்ணில் இறங்கி அது கிணற்று நீரைக் கெடுக்கும். தனிப்பீப்பாயில் சேர்த்து, மீளத் தூய்மை செய்யும் ஆலைக்கு அனுப்புகின்றார். அங்கு நீரும் அழுக்கும் கெட்டுப்போன மருந்தும் நீங்கப்பெற்று, அடிப்படை எண்ணெய் பெரும்பகுதி தெளிந்து வெளிப்படும். புதிய மருந்து சேர்ந்த பின் அது மீண்டும் பீப்பாயில் அடைபட்டு, வேறோர் எந்திரத்தின் அச்சுக்குச் செல்லும்.